நூறு குஞ்சா, ஐந்நூறு குஞ்சா? இருபது சென்ட் நிலத்தில் நாட்டுக்கோழி வளர்ப்பு தொடங்குவது பற்றி

பச்சைமலை அடிவாரம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். திருச்சி மாவட்டம் துறையூருக்கு அருகில் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். பதினோரு ஆண்டுகள் திருப்பூரில் பனியன் தையல் வேலை பார்த்துவிட்டு, தந்தையாரின் உடல்நிலை காரணமாகக் கடந்த தை மாதத்தோடு ஊருக்கே திரும்பிவிட்டேன். வீட்டை ஒட்டி இருபது சென்ட் நிலம், ஓர் ஆழ்துளைக் கிணறு, ஆறு வேப்ப மரங்கள் உள்ளன. கையிருப்பு ஒன்றரை இலட்சம் ரூபாய். என் மனைவியும் தாயாரும் உடன் உழைக்க ஆயத்தமாக இருக்கிறார்கள். தாயார் சிறு வயதிலிருந்தே நான்கைந்து கோழிகள் வளர்த்துப் பழகியவர்.

கோழி வளர்ப்பைச் சுயதொழிலாகத் தொடங்க விரும்புகிறேன். வெளிமாவட்டத்திலிருந்து வந்த ஒருவர், தொண்ணூறாயிரம் ரூபாய் முன்பணம் கட்டினால் ஐந்நூறு நாட்டுக்கோழிக் குஞ்சுகள், தீவனம், மருந்து எல்லாம் தருவதாகவும், நான்கு மாதத்தில் அவரே நல்ல விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும் சொல்கிறார். உறவினர் ஒருவரோ, ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்த்தால் விற்பனைக் கவலையே இல்லை என்கிறார். இவற்றில் எது என் நிலைமைக்குப் பொருந்தும்? எத்தனை குஞ்சுகளில் தொடங்கலாம்? இதை மட்டும் நம்பி ஒரு குடும்பம் வாழ முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் மறைக்காமல் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எருமப்பட்டிச் சாலை (பதில்):

வணக்கம். நாமக்கல் பக்கத்தில் ஒன்பது ஆண்டுகளாக நாட்டுக்கோழி வளர்த்து விற்று வருகிறேன். முதலில் அந்தத் தொண்ணூறாயிரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றவற்றையெல்லாம் பிறகு திருத்திக்கொள்ளலாம், போன முன்பணத்தைத் திருத்த முடியாது. 2012-ஆம் ஆண்டில் பெருந்துறை வட்டாரத்தில் ஈமு, நாட்டுக்கோழி என்ற பெயர்களில் முதலீடு வாங்கிய நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டபோது, நகையை விற்றுக் கட்டியவர்களும் ஓய்வூதியப் பணத்தைக் கட்டியவர்களும் மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலில் நின்றதை எங்கள் பகுதியில் யாரும் மறக்கவில்லை. உங்களிடம் வந்தவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் குஞ்சையும் தீவனத்தையும் உங்களுக்கு விற்பதிலேயே ஒருவருக்கு இலாபம் கிடைத்துவிடும்போது, நான்கு மாதம் கழித்து உங்கள் கோழியை நல்ல விலைக்கு எடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு எங்கிருந்து வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒப்பந்தக் கறிக்கோழி மோசமான தொழில் அன்று. நிறுவனம் குஞ்சு, தீவனம், மருந்து தரும். கொட்டகை, தண்ணீர், மின்சாரம், உழைப்பு ஆகியவை நம்முடையவை. ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோ எடையில் பிடித்துச் செல்வார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி வரும். ஆனால் ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி வேண்டும், நிறுவனங்கள் பெரும்பாலும் ஆயிரக்கணக்கில்தான் குஞ்சுகளைக் கொண்டுவந்து விடும், லாரி வந்து திரும்பப் பாதை வேண்டும். ஐயாயிரம் சதுர அடிக் கொட்டகைக்குப் பல இலட்சம் கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதால், உங்கள் ஒன்றரை இலட்சத்துக்கு அது பொருந்தாது.

நாட்டுக்கோழிக்கு என் கணக்குப் புத்தகத்தில் உள்ளபடி ஒரு தொகுதியை எழுதுகிறேன். உங்கள் ஊர் விலையை இதில் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். நூறு குஞ்சு, ஒன்று நாற்பது ரூபாய் வீதம், நான்காயிரம். நூற்றுக்குப் பத்து இறக்கும் என்று வைத்துக்கொண்டால் மீதித் தொண்ணூறு கோழிகள் ஏறக்குறைய நூற்றிருபது நாளில் சராசரியாக 1.2 கிலோ எடைக்கு வரும். அதற்குள் ஒவ்வொன்றும் நான்கு கிலோ தீவனம் தின்றிருக்கும். இறந்தவை தின்றதையும் சேர்த்து 370 கிலோ, கிலோ 38 ரூபாய் வீதம் 14,060. தடுப்பூசி, மின்சாரம், உமி, வண்டிக்கூலி எல்லாம் சேர்த்து 1,500. ஆக மொத்தச் செலவு 19,560. பண்ணை வாசலில் உயிர்எடைக்குக் கிலோ 250 கிடைத்தால் 108 கிலோவுக்கு 27,000 வரும். மிஞ்சுவது 7,440 ரூபாய். இதில் கொட்டகைத் தேய்மானமும் உங்கள் மூவரின் உழைப்பும் சேரவில்லை. அதே கோழிக்கு விலை 200 ஆக இறங்கினால் மிச்சம் 2,040 மட்டுமே. விலை 250 இருந்தும் பத்துக்குப் பதில் இருபத்தைந்து இறந்தால் 4,650-க்குச் சுருங்கும்.

இந்தக் கணக்கை ஒன்றுக்கு இரண்டு முறை படியுங்கள். குஞ்சின் விலையில் ஐந்து ரூபாய் குறைத்துப் பேரம் பேசுவதில் பெரிய வித்தியாசம் இல்லை. செலவில் பத்தில் ஏழு பங்கு தீவனத்தில்தான் இருக்கிறது. நான்கு மாதம் தாண்டி விலை ஏறட்டும் என்று வைத்திருந்தால் ஒரு கோழி நாளுக்கு எண்பது கிராம் வீதம் மாதத்தில் 2.4 கிலோ, அதாவது 91 ரூபாய்க்குத் தின்னும். கூடும் எடையோ 250 கிராம் அளவுதான், அதன் மதிப்பு 63 ரூபாய்கூட ஆகாது. ஆகவே விற்க வேண்டிய நாளில் விற்க ஆள் இருப்பதே இத்தொழிலின் உயிர்நிலை. ஐந்நூறு கோழிகள் ஒரே வாரத்தில் விற்பனைக்கு வந்து நின்றால் வியாபாரி சொன்னதுதான் விலை. நாற்பது நாளுக்கு ஒரு முறை நூறு குஞ்சு இறக்கினால், நான்காம் மாதத்துக்குப் பிறகு வாரத்துக்குப் பதினைந்து கோழி என்று உங்கள் ஊரிலும் துறையூரிலும் வீட்டுக்காரர்களுக்கே கொடுத்துவிடலாம்.

குடும்பம் முழுவதும் இதிலேயே வாழ முடியுமா என்று கேட்டீர்கள். முதல் ஆண்டில் முடியாது. வேறொரு சிறு வருமானத்தை வைத்துக்கொண்டே தொடங்குங்கள்.

மணப்பாறை வீட்டுப் பட்டி (பதில்):

தம்பிக்கு வணக்கம். மேலே எழுதியவர் சொன்ன கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் கோழி வளர்த்துப் பழகிய தாயார் இருக்கிறார் என்பதைப் படித்தவுடன், நீங்கள் எதற்காகக் குஞ்சை விலைக்கு வாங்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றியது. நான் ஆறு ஆண்டுகளுக்கு முன் பதினைந்து சிறுவிடைப் (சிறிய உடலுள்ள நாட்டுக்கோழி வகை) பெட்டைகளும் இரண்டு சேவல்களும் வாங்கித்தான் தொடங்கினேன். எங்கள் பக்கத்தில் பெரிய உடலுள்ள பெருவிடையைச் சண்டைக்கும் அழகுக்கும் விரும்புகிறார்கள். கறிக்கும் அடைக்கும் சிறுவிடையே ஏற்றது, உடம்பு சிறிதானாலும் குஞ்சைப் பேணுவதில் அதற்கு நிகர் இல்லை.

ஒரு பெட்டை ஓர் ஈட்டுக்கு, அதாவது தொடர்ந்து முட்டையிடும் ஒரு சுற்றுக்கு, பன்னிரண்டு முதல் பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடைக்கு அமரும். இருபத்தோரு நாளில் குஞ்சு பொரிக்கும். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பார்த்தால் கரு கூடியது நரம்போடிச் சிவப்பாகத் தெரியும், கூமுட்டை வெறுமையாகத் தெரியும். அதை எடுத்துவிட்டால் மற்றவை நன்றாகச் சூடேறும். அடைக்கூடையில் மணல் பரப்பி, ஓரத்தில் ஒரு கரித்துண்டும் இரும்புத்துண்டும் வைக்க வேண்டும் என்பது என் மாமியார் கற்றுத்தந்தது. அதனால் என்ன பயன் என்று நான் ஆராய்ந்ததில்லை, அவர் நினைவாக இன்றும் வைக்கிறேன்.

வழக்கப்படி தாய் தன் குஞ்சுகளோடு இரண்டரை, மூன்று மாதம் திரியும். அதுவரை அடுத்த ஈட்டுக்கு வராது. ஆண்டுக்கு மூன்று ஈடு கிடைத்தால் பெரிது. நான் பொரித்த ஒரு வாரத்திலேயே குஞ்சுகளைப் பிரித்து விளக்குச் சூட்டில் வளர்க்கப் பழகிக்கொண்டேன். தாய்க்கோழி சில வாரங்களிலேயே மறுபடி முட்டைக்கு வந்துவிடுகிறது. பருந்தும் கீரியும் எடுத்துச் சென்றது போக, பதினைந்து பெட்டைகளிலிருந்து ஆண்டுக்கு நானூறு கோழிகளாவது வளர்ந்து விற்பனைக்கு வருகின்றன. குஞ்சுக்கு நான் பணம் கொடுப்பதில்லை, தாய்களுக்கு இடும் தானியந்தான் செலவு.

தீவனச் செலவைக் குறைக்கவும் ஒரு வழி சொல்கிறேன். பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், மட்கிய ஓலை ஆகியவற்றைத் திணித்து, நீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலை பானை நிறையக் கரையான் சேர்ந்திருக்கும். அதைக் குஞ்சுகளுக்குக் கொட்டினால் அவை பாய்ந்து பாய்ந்து தின்பதைப் பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கும். நீரில் மிதந்து வளரும் அசோலாப் பாசிக்கு ஒரு தொட்டி வேப்ப மர நிழலில் போட்டுவிடுங்கள். சிறிதளவு தவிட்டோடு கலந்து வளர்ந்த கோழிகளுக்குக் கொடுக்கலாம். ஆனால் எட்டு வாரம் வரை குஞ்சுத் தீவனத்தில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். அந்தப் பருவத்தில் வாடிய குஞ்சு பிறகு எவ்வளவு தின்றாலும் எடைக்கு வராது.

பச்சைமலை அடிவாரம்:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மனமார்ந்த நன்றி. முன்பணம் கட்டுவதில்லை என்று நேற்றிரவே வீட்டில் முடிவு செய்துவிட்டோம். தாயாரிடம் அக்கா எழுதியதைப் படித்துக் காட்டினேன். குஞ்சைப் பிரித்தால் பெட்டை சீக்கிரம் முட்டைக்கு வரும் என்பது தமக்கும் தெரியும் என்றும், பிரித்த குஞ்சுகள் குளிரில் செத்துப்போனதால் அதை விட்டுவிட்டதாகவும் சொன்னார்.

இப்போது இரண்டையும் சேர்த்தே செய்யலாமா என்று நினைக்கிறேன்: பத்துப் பெட்டைகள், ஒரு சேவல், கூடவே முதல் தொகுதியாக நூறு குஞ்சுகள். எனக்குள்ள பெரிய அச்சம் நோயைப் பற்றியது. மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஒரே வாரத்தில் எல்லா வீட்டுக் கோழிகளும் வெள்ளையாகக் கழிந்து இறந்துபோயின. அதைத் தடுக்க நான் என்ன செய்ய வேண்டும்?

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் (பதில்):

நீங்கள் கண்டது பெரும்பாலும் வெள்ளைக்கழிச்சல் நோயாகவே இருக்கும். இந்தியாவில் 1920-களின் இறுதியில் ராணிக்கெட் என்ற மலையூரில் கண்டறியப்பட்டதால் ராணிக்கெட் நோய் என்றும் இதற்குப் பெயர் உண்டு. வந்துவிட்டால் மருந்து கிடையாது. பிழைத்த கோழியும் கழுத்தைத் திருகிக்கொண்டு நிற்கும். சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி அரைத்த உருண்டை கொடுப்பதை நான் தடுப்பதில்லை, அது கோழியின் தெம்புக்கு உதவலாம். ஆனால் அதைக் கொடுத்துவிட்டோம் என்று தடுப்பூசியைத் தவிர்த்த பண்ணைகள் வெறுமையானதை என் பணிக்காலத்தில் பல முறை பார்த்திருக்கிறேன்.

முதல் வாரத்தில், ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு எஃப்1 அல்லது லசோட்டா; இரண்டும் வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பு மருந்துகள். பதினான்காம் நாள், குஞ்சுகளின் நோய் எதிர்ப்பாற்றலைக் கெடுக்கும் கம்போரோ நோய்க்கான சொட்டு. நான்காம் வாரத்தில் லசோட்டாவை மறுமுறை குடிநீரில் கொடுக்கலாம். ஆறாம் வாரத்தில் அம்மைத் தடுப்பூசி. எட்டாம் வாரத்தில் இறக்கைத் தோலுக்கு அடியில் வெள்ளைக்கழிச்சலுக்கான ஊசி. விடுபடக் கூடாத ஊசி இது. நம் மாநிலக் கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் இருவாரக் கோழிக்கழிச்சல் (வெள்ளைக்கழிச்சல்) தடுப்பூசி முகாம் நடத்தும்போது வளர்ந்த கோழிகளுக்குக் கட்டணமின்றிப் போட்டுக்கொள்ளலாம். தெருவில் உள்ள மற்ற வீட்டுக் கோழிகளையும் கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் வேலிக்கு வெளியே நோய் இருக்கும்வரை உள்ளேயும் வரும்.

தடுப்பு மருந்து பயனற்றுப் போவது பெரும்பாலும் கையாளும் விதத்தால்தான். பனிக்கட்டிப் பெட்டியில் எடுத்து வந்து, காலைக் குளிர்ச்சியில், கலக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். குடிநீரில் கொடுக்கும்போது குளோரின் கலந்த குழாய்நீர் கூடாது. உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் லிட்டருக்கு ஐந்து கிராம் கொழுப்பு நீக்கிய பால்பொடி கரைத்து, அதற்கு முன் ஒரு மணி நேரம் தண்ணீர் வைக்காமல் இருந்துவிட்டுக் கொடுங்கள். சோர்ந்திருக்கும் குஞ்சுக்கு எந்தத் தடுப்பூசியும் வேண்டாம்.

உங்கள் தாயார் சொன்ன குளிர்ச் சாவுக்கு வருகிறேன். முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு ஐந்து டிகிரி குறைத்துக்கொண்டு வரலாம். ஒன்றரை அடி உயரத் தகட்டை வட்டமாக வளைத்து, இரண்டு அங்குலம் உமி பரப்பி, அதன்மேல் முதல் சில நாள் செய்தித்தாள் விரித்து, குஞ்சுக்கு இரண்டு வாட் என்ற அளவில் குண்டு பல்பு தொங்கவிடுங்கள். நூறு குஞ்சுக்கு இருநூறு வாட் போதும். வெப்பமானியைவிடக் குஞ்சுகளே சரியாகச் சொல்லும்: விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நெருக்கினால் குளிர்கிறது, தகட்டோரம் ஒதுங்கி வாய் திறந்து மூச்சிரைத்தால் சூடு அதிகம், பரவலாகப் படுத்திருந்தால் சரி. மின்வெட்டுக்கு மாற்றாக மண்பானையில் கரியடுப்பு வைப்பவர்கள் புகை வெளியேற வழி வைக்க வேண்டும். மூலைகள் உள்ள பெட்டியில் வளர்க்காதீர்கள்; மூலையில் ஒதுங்கி நசுங்கியே பல குஞ்சுகள் இறக்கின்றன.

மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் அது ரத்தக்கழிச்சல். ஈரமான உமியிலிருந்து வருவது. தண்ணீர்த் தட்டைச் சுற்றிக் கட்டிபிடித்த உமியை அன்றன்றே அள்ளிவிட்டு, மற்றதை நாள்தோறும் கிளறிவிடுங்கள்.

ஒரு கருத்தில் மட்டும் எருமப்பட்டி நண்பரோடு நான் மாறுபடுகிறேன். நாற்பது நாளுக்கு ஒரு தொகுதி என்பது விற்பனைக்கு நல்லது, கோழியின் உடல்நலத்துக்கு நல்லதன்று. பல வயதுக் கோழிகள் ஒரே இடத்தில் இருந்தால் நோய்க்கிருமிக்கு ஓய்வு கிடைப்பதே இல்லை. கூடவே அடைக்கோழிகளும் வெளியே மேய்ந்து திரிந்தால் ஆபத்து இரட்டிப்பாகும். தொடக்கத்தில் உள்ளவர் ஒரு தொகுதியை முழுவதும் விற்று, கொட்டகையைக் கழுவிச் சுண்ணாம்பு பூசி, இரண்டு வாரம் வெறுமையாக விட்டுவிட்டு அடுத்ததை இறக்குவதே பாதுகாப்பு.

எருமப்பட்டிச் சாலை:

ஐயா சொல்வது உண்மை. எனக்கும் நான்காம் ஆண்டில் அப்படி ஓர் இழப்பு நேர்ந்தது. வளர்ந்த கோழிகளுக்குத் தீவனம் போட்டுவிட்டு அதே செருப்போடு குஞ்சுக் கொட்டகைக்குள் நுழைந்ததை இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. அதன் பிறகு குஞ்சுக் கொட்டகையை நிலத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோனேன், அதற்கென்று தனிச் செருப்பு, தனி வாளி வைத்தேன், காலையில் முதலில் குஞ்சுகள், கடைசியில் பெரிய கோழிகள் என்று வரிசையை மாற்றிக்கொண்டேன். ஆனாலும் பச்சைமலைத் தம்பி முதல் தொகுதியை ஐயா சொன்னபடியே முழுதாக விற்று முடித்துவிட்டு, பிறகு தொடர் தொகுதிகளைப் பற்றி யோசிப்பதே முறை. பெட்டைகளை வாங்குவதானால் வேலி போட்ட தனிப் பகுதியில் வையுங்கள், வாங்கி வந்தவுடன் மூன்று வாரமாவது மற்றவற்றோடு சேர்க்காதீர்கள்.

ஒரு தொகுதி மட்டும் என்றால் குஞ்சுகளைக் கொண்டுவந்து விடும் மாதம் முக்கியமாகிறது. ஆனி மாதம் குஞ்சு இறக்கினால் ஐப்பசியில் தீபாவளிக்குச் சரியான எடையில் இருக்கும். புரட்டாசி முழுவதும் பல வீடுகளில் அசைவம் சமைக்க மாட்டார்கள். கார்த்திகையிலும் மார்கழியிலும் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார்கள். வைகாசியில் இறக்கிவிட்டுப் புரட்டாசியில் விலைக்கு அலைந்தவர்களை நான் அறிவேன். கொட்டகையின் நீளப்பக்கம் கிழக்கு மேற்காக அமையட்டும், வெயில் உள்ளே விழாது. ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி வைத்து இருநூறு சதுர அடி கட்டினால் இப்போதைக்குப் போதும். வேப்ப மரங்களை வெட்டிவிடாதீர்கள், சித்திரை வெயிலில் அவைதாம் உங்கள் மின்விசிறி.

பச்சைமலை அடிவாரம்:

மிக்க நன்றி. ஆனியில் நூறு குஞ்சு, அது விற்று முடிந்து கொட்டகை ஆறிய பிறகு பெட்டைகள் என்று திட்டத்தை மாற்றிக்கொண்டோம். இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. அரசு மானியத்துக்கு இப்போதே முயலலாமா? தடுப்பு மருந்துப் புட்டி பெரிய அளவில்தான் கிடைக்கிறது என்கிறார்களே, நூறு குஞ்சு வைத்திருப்பவர் மீதியை என்ன செய்வது?

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:

இருநூற்றைம்பது கோழிகள் கொண்ட நாட்டுக்கோழிப் பண்ணை அமைக்கத் தமிழ்நாடு அரசு ஐம்பது விழுக்காடு மானியம் வழங்கும் திட்டம் உண்டு. அதற்கு 625 சதுர அடி இடம் இருக்க வேண்டும், ஆதரவற்ற பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் முன்னுரிமை தருவார்கள். அறிவிப்பு வரும் காலத்தை உங்கள் ஊர்க் கால்நடை மருந்தக மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் தொகுதியை உங்கள் சொந்தப் பணத்தில், சிறிய அளவில் வளர்த்துப் பார்த்த பிறகு விண்ணப்பியுங்கள். அதற்குள் திருச்சியில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்திலோ நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையத்திலோ நாட்டுக்கோழி வளர்ப்புப் பயிற்சி நடக்கும் நாளைக் கேட்டு, மனைவியையும் அழைத்துச் சென்று வாருங்கள். குஞ்சுகளோடு பகலெல்லாம் இருக்கப்போவது அவராகவும் இருக்கலாம்.

திறந்து கலக்கிய மருந்தை மறுநாளைக்கு வைக்கக் கூடாது, மீதியைக் கொட்டத்தான் வேண்டும். ஆகவே புட்டி வாங்குவதற்கு முன்பே உங்கள் தெருவில் யார் வீட்டில் எத்தனை குஞ்சுகள் இருக்கின்றன என்று எழுதிக்கொண்டு, ஒரே காலையில் எல்லாவற்றுக்கும் சொட்டு விட்டுவிடுங்கள்; செலவையும் பகிர்ந்துகொள்ளலாம். மற்ற வீட்டுக் குஞ்சுகளைத் தொடும் முன் உங்கள் நூற்றுக்கும் விட்டு முடித்துவிடுங்கள், திரும்பி வந்ததும் குளித்து உடை மாற்றிய பிறகே கொட்டகைக்குள் செல்லுங்கள்.